சாக்குக்குள் நின்றவர்

மூன்றாவது படத்தில் அவன் வந்தான். மூடுபனிக்குள் ஒரு ஏரி, நனைந்த பலகைப் பாலம், அதன் நுனியில் நீள மழையங்கியோடு ஓர் உருவம். முகத்தை உருளைக்கிழங்குச் சாக்கு மூடியிருந்தது. கண்களுக்கு இரண்டு ஓட்டைகள். ஸ்டோவ்னர் பள்ளிக்கூட மண்டபத்தின் இருட்டில் பிள்ளைகள் "ஹான், ஹான்" என்று கிசுகிசுத்தார்கள். நோர்வேஜிய மொழியில் 'அவன்' என்று அர்த்தம். அந்த வில்லனுக்கு வேறு பெயர் இல்லை. நாலு வருடமாக மாணவர்களின் குறும்படங்களில் மாறி மாறி வருகிறான், நடிப்பது யாரென்று ஒருவரும் வெளியே சொல்வதில்லை என்று பக்கத்து வீட்டுக் கஜேந்தினி வரும் வழியில் சொல்லியிருந்தாள். இது அவள் எடுத்த படம். அதைப் பார்க்கத்தான் புஷ்பமலர் வந்திருந்தாள்.

வில்லன் பேசவில்லை, கத்தி எதையும் காட்டவில்லை. எதிரே வந்த பெண்ணைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான், ஒரேயொரு தரம். அடுத்த காட்சியில் அந்தப் பெண் இல்லை. பாலம் மட்டும் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

புஷ்பமலருக்குக் காது அடைத்தது. மண்டபம் முழுவதும் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இருந்தது. தொண்ணூற்றாறில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த காலையில் ஆண்களையெல்லாம் வரிசையாக நடத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி என்பார்கள். அவன் ஆட்டினால் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பதினேழு வயதுத் தம்பிக்கு அவன் ஆட்டினான். தம்பி திரும்பி வரவேயில்லை. அந்தத் தலையாட்டலை இந்தப் பிள்ளைகளுக்கு யார் காட்டிக்கொடுத்தது?

திரையில் உருவம் திரும்பி நடந்தது. இடது தோள் சற்று இறங்க, காலை நிதானமாக ஊன்றி. இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு முன்னால் நடந்து பழகிய நடை.

கணவர் யேசுரட்ணத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பராமரிப்பு வேலை. கதவருகே நின்ற அவரைத் தாண்டி அவள் வெளியே போனாள். அவரும் பின்னால் வந்தார். சாமான் அறை வாசலில் இருவரும் நின்றார்கள்.

"அந்தத் தலையாட்டி நீங்களோ?"

"படத்திலை ஓம்."

"நான் படத்தைக் கேக்கேல்லை."

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"இல்லை மலர். நான் வரிசையிலை நிண்டனான், என்ரை ஊரிலை. எனக்கு முன்னாலை ரெண்டு பேர், பின்னாலை ஒராள். மூண்டு பேருக்கும் ஆட்டினவன். எனக்கு ஆட்டேல்லை. ஏனெண்டு இண்டைக்கும் தெரியாது."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"உம்மடை தம்பி வரேல்லை. நான் வந்திட்டன். அதை எப்பிடிச் சொல்லுறது?"

மண்டபத்துக்குள் கைதட்டல் எழுந்து அடங்கியது. நாலு வருடத்துக்கு முன் நடிக்க வேண்டியவன் வராமல் போன அன்று, மாணவர்கள் தன்னை வந்து நிற்கச் சொன்னதை அவர் சொன்னார். பயம் வருகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றார்களாம். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சாக்கில் ஓட்டை வெட்டியதும் அவர்தான்.

"அதுக்குள்ளை நிண்டு பாத்தா அவன் என்னத்தைக் கண்டவனெண்டு விளங்கும் எண்டு நினைச்சன்."

"விளங்கிச்சோ?"

"ஒண்டும் வடிவாத் தெரியாது மலர். மூச்சு முட்டும். ஆக்கள் நிழல் மாதிரித்தான். ஆர் எவரெண்டு பிடிபடாது."

தம்பியின் முகத்தை நன்றாகப் பார்த்து, அடையாளம் கண்டுதான் அவன் ஆட்டினான் என்று அவள் நம்பியிருந்தாள். அப்படித் தம்பியைத் தெரிந்த ஒருவனைத்தான் இவ்வளவு காலமும் வெறுத்து வந்திருந்தாள். இப்போது அந்த வெறுப்புக்குப் பிடித்துக்கொள்ள ஒரு முகமும் இல்லை.

"அந்தச் சாக்கைத் தாங்கோ," என்றாள்.

அவர் தயங்கினார். பிறகு அலமாரியிலிருந்து சாக்கை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தலையில் போட்டுக்கொண்டாள். பழைய மண் வாசம். அவளுடைய மூச்சே திரும்பி வந்து அவள் முகத்தில் சுட்டது.

"கொஞ்சம் தூரமாப் போய் நில்லுங்கோ."

நடைபாதையின் மறுமுனைக் கண்ணாடிச் சுவர் முழுவதும் மே மாதத்துப் பின்நேர வெளிச்சம். அதற்குள் அவர் போனார். ஓட்டைகளின் பிசிர்களுக்கு அப்பால் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு நிழல் மட்டும் தெரிந்தது. தோளும் தெரியவில்லை, வயதும் தெரியவில்லை. நிழல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு அவளை நோக்கி நடந்து வரத் தொடங்கியது.

புஷ்பமலர் கழுத்தை இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு, தலை இம்மியும் ஆடாமல் நின்றாள்.