குழி விழுந்த நகங்கள்

இது பூஞ்சை இல்லை. பூஞ்சை பிடித்த நகம் மஞ்சளாகத் தடித்து உதிரும். யாரோ குண்டூசி முனையால் பொறுமையாகக் குத்தி வைத்தாற்போல இப்படிக் குழிகுழியாக இருக்காது.

அண்ணியின் கையை விளக்கின் அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள். பத்து வருஷமாக அழகு நிலையத்தில் நகம் திருத்துகிறவள். நக ஓரத்தில் எண்ணெய் ஊறினது போல ஒரு பழுப்புத் திட்டு. மோதிர விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமனாக வீங்கியிருந்தது.

"என்னடி, கைரேகையா பார்க்குறே? அடர் சிவப்பா ரெண்டு தரம் பூசி விடு. நாலு மணிக்கு எலும்பு டாக்டர். இந்த அசிங்கத்தை அவர் முன்னாடி நீட்ட முடியாது."

"காலையில விரல் மடங்குதா அண்ணி?"

"குளிச்சு முடிக்கிற வரைக்கும் கட்டை மாதிரி இருக்கு. உனக்கெப்படித் தெரியும்?"

தெரியும். அவளுக்கே பதினாலு வயதில், தொண்டைப்புண் ஆறிய கையோடு உடம்பெல்லாம் தூறல் விழுந்தது போலச் சிவப்புப் புள்ளிகள். அது மறைந்து, வருஷங்கள் கழித்து முழங்கையில் வெள்ளிச் செதிலாகத் திரும்பியது. தலையில் வந்ததைப் பொடுகு என்று எத்தனை நாள் தேய்த்தாள்! ஒரே நோய்க்கு இத்தனை வேஷமா என்று அவளுக்கு இன்னும் ஆச்சரியம்தான். தோல் டாக்டர் ஒவ்வொரு முறையும் முதலில் நகத்தைத்தான் பார்ப்பார். "சில பேருக்கு இது மூட்டுகளையும் தாக்கும்" என்பார்.

அந்த முழங்கையைப் பார்த்துத்தான் அண்ணி அவளுக்கென்று தனித் துண்டு வைத்தாள். இப்போது வாயைத் திறந்தால் பழி யார் தலையில் விழும்?

"சோரியாசிஸா இருக்கலாம் அண்ணி."

கை வெடுக்கென்று பின்னால் போனது. "உன்கிட்டேருந்து ஒட்டிக்கிச்சா?"

"ஒட்டுறதா இருந்தா என் வீட்டுக்காரருக்குல்ல முதல்ல வந்திருக்கணும்? அவர்கிட்டேருந்து எனக்குக் குறட்டைதான் ஒட்டியிருக்கு."

சிரிப்பு வந்தும் அண்ணி அடக்கிக்கொண்டாள். பிறகு குரல் இறங்கியது. "சரி, இருந்துட்டுப் போகுது. மூட்டு வலின்னு மட்டும் சொல்லிக்கிறேன். நீ மறைச்சு விடு."

நகத்தில் சிவப்புச் சாயத்தை மட்டும் பார்த்தால் எலும்பு டாக்டர் வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டே போகும். அதற்கென்று இருக்கிற மருந்து தொடங்காமலே விரல் கோணிவிடும்.

அண்ணி சாயக் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னைக்குப் பூச மாட்டேன் அண்ணி" என்றாள் அவள், சாதாரணக் குரலில். "நகத்தை அப்படியே காட்டுங்க."