மூன்றாவது விதைப்பு

காலை ஐந்தே முக்கால். கம்பெனி வேன் ஊருக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பதினேழு மயில்கள் உழுத சாலுக்குள் நடந்தன. முந்தாநாள் வேலுத்தாய் ஊன்றிய மக்காச்சோளத்தை வரிசை தப்பாமல் கிண்டித் தின்றன. இது இரண்டாவது விதைப்பு. முதல் விதைப்பும் அவற்றின் வயிற்றுக்குத்தான் போயிருந்தது. கரிசலில் ஈரம் இன்னும் நாலு நாள் நிற்கும். அதற்குள் மறுபடி ஊன்றாவிட்டால் இந்த வருஷம் நிலம் தரிசு.

பட்டாசு ஆலையில் இருபத்திரண்டு வருஷம் திரி சொருகி வாங்கிய, ஆலை வேலியை ஒட்டிய ஒரு ஏக்கர். பட்டா அவள் பேரில் இருந்தது. ஒரு விளைச்சல் கண்டால் வெடிமருந்து வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்று இருந்தாள்.

மடியிலிருந்து மூன்று வெடிகளை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பற்றவைத்து எறிந்தாள். மூன்றும் வெடித்தன. ஒரு ஆண் மயில் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிண்டியது.

ஆலையின் ஷெட்டுகளுக்கு நடுவே, சட்டப்படி காலியாக விட்ட இடத்தில், கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது. இந்த மயில்கள் அங்கே பொரித்தவை. தினமும் மதியம் அந்தக் காட்டோரத்தில்தான் வெடி சோதித்துப் பார்ப்பார்கள்; சத்தம் அவற்றுக்குப் பழகிவிட்டது. முள்ளை வெட்டச் சொல்லிப் போன மாதம் முதலாளி நல்லசிவத்திடம் கேட்டாள். "மயிலு அரசாங்கச் சொத்து. அதுக கூட்டைக் கலைச்சா நான் கம்பி எண்ணணும்" என்றார்.

பத்து மணிக்கு போர்மேன் பாலகுரு ஷெட் வாசலில் நின்றான்.

"ஏத்தா வேலுத்தாயி, ஆபீசுக்கு வா. ஒனக்கு மாப்பிள்ள வந்திருக்காரு, காக்கிச் சட்டையில."

வனக்காவலர் சீனிவாசகம் காபி குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் வெடித்த காகிதக் குழாய்கள் மூன்று கிடந்தன. சத்தம் கேட்டு வந்து பொறுக்கிய ஆலை வாட்ச்மேன்தான் போன் போட்டிருக்கிறான்.

"மயிலு மேல வெடி போட்டியாம்மா?"

"என் நெலத்துல போட்டேன் சார்."

"அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா வருசக்கணக்குல உள்ள போகணும், தெரியும்ல?"

"வெதையைத் தின்னதுக்கு அதை எத்தனை வருசம் உள்ள போடுவீக?"

பாலகுரு வாயைப் பொத்திச் சிரித்தான்.

"மனு எழுதிக் குடு. ஆளு வந்து பார்ப்பாக" என்றார் சீனிவாசகம்.

"நாலு நாளைக்குள்ள வருவாகளா?"

அவர் காபியை ஆற்றினார்.

முதலாளி நல்லசிவம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு குழாயை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல லேபிளு இல்ல. லேபிள் ஒட்டாத சரக்கு வெளிய எப்பிடிப் போச்சு?"

வேலுத்தாய்க்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் வாங்கிய வெடியை அல்லவா போட்டிருக்க வேண்டும்.

"ஈரம் பட்ட சரக்குன்னு போன வியாழக்கெழம பாலகுரு அண்ணந்தான் எங்களுக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்தாரு."

"நான் எங்கன குடுத்தேன்?" பாலகுரு தரையைப் பார்த்துச் சொன்னான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"மயிலை விடுங்க சீனிவாசகம்" என்றார் நல்லசிவம். "இது திருட்டு. போலீசுக்குப் போகாம இருக்கேன்னா இருபத்திரண்டு வருசம் வேலை பார்த்தவளேன்னுதான். நாளையில இருந்து நீ வர வேண்டாம்மா."

சீனிவாசகம் நோட்டை மூடினார். அவர் வேலை சுலபமாக முடிந்தது.

நல்லசிவத்தின் தலைக்கு மேல் புது வருஷக் காலண்டரின் மாதிரி தொங்கியது. தோகை விரித்த மயில். அடியில் கொட்டை எழுத்தில் 'எங்கள் ஆலை மயில்கள்'. வேலுத்தாய் அதை ஒருமுறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கையில் ஒட்டியிருந்த வெள்ளி நிற வெடிமருந்தைச் சேலையில் துடைத்தாள்.  

"காலண்டர்ல ஒங்க மயிலு. என் புஞ்சைக்கு வந்தா மட்டும் அரசாங்க மயிலு. ரெண்டு பேரும் இங்கனதான் இருக்கீக. நாளைக்கு நான் மறுபடி ஊனப் போறேன். வரப்புல காவலுக்கு யாரு வாரீக?"