ஈரத்தில் தேய்த்த கதவு

உப்புத்தாளில் நம்பர் உண்டு என்பது சண்முகத்தாய்க்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. சூலக்கரையில் மகன் கட்டிய புது வீட்டுக்கு நாலு கடை தள்ளியிருந்த ஹார்டுவேர் கடையில் போய், கதவு தேய்க்க உப்புத்தாள் வேண்டும் என்று கேட்டாள். கடைக்காரர் காளிராஜ் உடனே எடுத்துக் கொடுத்துவிடவில்லை. என்ன மரம், புதுசா பழசா, பழைய பெயிண்ட் ஏதும் இருக்கிறதா என்று சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி விசாரித்தார். வேப்பமரம், புதுசு, ஆசாரி இழைப்புளி ஓட்டிய தடம் அப்படியே தெரிகிறது என்றாள். அவர் மூன்று தாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது.

"நம்பர் ஏற ஏற நைஸ் யக்கா. மொதல்ல எண்பதுல தேச்சு தடத்தை எடுங்க. பொறகு நடுத்தாள். கடைசில இது. நடுவுல ஒண்ணை விட்டுட்டுத் தாவாதீக. ஒரு சின்னக் கட்டையில தாளைச் சுத்திக்கிட்டு, ரேகை ஓடுற வாக்குலயே தேயிங்க. குறுக்கால இழுத்தீகன்னா கோடு விழும். பெயிண்ட் அடிச்சாலும் காட்டிக்குடுத்துரும்."

அவர் கேட்காமலே சண்முகத்தாய் சொன்னாள், அது தன்னுடைய ரூமுக்குக் கதவு என்று. மகன் முத்துப்பாண்டி அம்மாவுக்கென்று பின்பக்கம் ஒரு ரூம் போட்டிருக்கிறான் என்று. சொல்லிவிட்டு, தாள்களைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வந்தாள்.

மரத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் காளிராஜ் சொல்லவில்லை. அதையும் ஒரு ஆளுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எந்தக் கடைக்காரருக்குத் தோன்றும்?

சண்முகத்தாய் தாயில்பட்டிக்காரி. இருபத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து திரி சொருகியவள். அறைக்குள் போகுமுன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். காலடியில் ஈரச் சாக்கு கிடக்க வேண்டும். எதையும் தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. காய்ந்த ஒன்றை இன்னொன்றின் மேல் உரசக் கூடாது. போர்மேன் ஒவ்வொரு நாளும் காலையில் இதைச் சொல்வான், கேட்கிறவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டே தலையாட்டுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்து அறையில் யாரோ காய்ந்த தட்டு ஒன்றைத் தரையோடு தரையாக இழுத்தார்கள். அந்த அறையில் இருந்த நாலு பேரில் ஒருவர் அவளுடைய புருஷன் தங்கச்சாமி. அன்றோடு அவள் வேலைக்குப் போவதை விட்டாள். அவருக்காக வந்த பணம் இப்போது இந்தச் சூலக்கரை வீட்டின் அஸ்திவாரமாகக் கிடக்கிறது. கடக்கால் தோண்டிய அன்றைக்கு முத்துப்பாண்டி பின்பக்கத்தைக் காட்டி, "இங்கன உனக்கு ஒரு ரூம்மா" என்று சொன்னான். பக்கத்தில் நின்ற மருமகள் பானுப்பிரியாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

இப்போது வீடு முடியும் தறுவாயில், கதவு தேய்க்க ஆள் கிடைக்கவில்லை, வந்து தேய்த்துத் தர முடியுமா என்று பானுப்பிரியாதான் போன் பண்ணினாள். தன் கதவைத் தானே தேய்த்தால் என்ன என்று சண்முகத்தாய் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

முதல் நாள் எண்பதாம் நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி, கதவின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. இது வெறும் மரம், இதில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. ஒரு வாளித் தண்ணீரையும் பழைய துண்டையும் கொண்டுவந்து, கதவை மேலிருந்து கீழ்வரை நன்றாக நனைத்தாள். காலடியில் ஒரு சாக்கை நனைத்துப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு சத்தம் அடங்கியது. கையும் அடங்கியது. தாள் ஊறிக் கஞ்சியாகக் கிழிந்தபோது இன்னொன்று வாங்கினாள். நனைப்பதும் தேய்ப்பதுமாக மூன்று நாள். காளிராஜ்கூட, அம்புட்டுத் தாளுமா அதுக்குள்ள தீந்துருச்சு, கதவு என்ன கோயில் கதவா என்று கேலி பண்ணினார்.

நாலாம் நாள் காலையில் கதவு பூனையின் முதுகுபோல நார் எழும்பி நின்றது. ஏன் இப்படி என்று அவள் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பானுப்பிரியா இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கலெக்டர் ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். கையில் செல்போனும் தோளில் பையுமாக, வாடகைக்கு இடம் பார்க்கிறவர்கள்போல ரூமுக்குள் போய் ஜன்னலைப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள்.

"இதான் ரூமு. கதவுக்குப் பெயிண்ட் மட்டுந்தான் பாக்கி" என்றாள் பானுப்பிரியா.

ஒருத்தி கதவைச் சாத்திப் பார்த்தாள். பாதியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு பேருமாகத் தள்ளினார்கள்.

"தாப்பாளே விழ மாட்டேங்கே அக்கா. பொம்பளப் பிள்ளைக இருக்கணும்ல?"

கதவு சரியானதும் சொல்லுங்கள், வருகிறோம் என்று போய்விட்டார்கள். பானுப்பிரியா ஈரச் சாக்கைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். உள்ளே போய்ப் புருஷனுக்குப் போன் பண்ணினாள். சண்முகத்தாய் கதவின் பக்கத்திலேயே நின்றாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் அந்த இரண்டு பிள்ளைகளும் குழாயைத் திறந்து பார்த்தபோதே சொல்லியாகிவிட்டது.

சாயங்காலம் முத்துப்பாண்டி வேலையிலிருந்து நேராகக் காளிராஜ் கடைக்குப் போய்விட்டு வந்தான். கையில் ஒரு கட்டு உப்புத்தாள்.

"ஏம்மா, மரத்துல போயி யாராவது தண்ணி ஊத்துவாகளா? கடையில சொன்னேன், சிரிக்காக."

"காஞ்சதை உரச கை வரலப்பா."

"இது என்ன வெடி மருந்தா?"

அவள் நார் எழும்பிய கதவைத் தடவினாள். "எனக்குன்னு சொன்னியேலே" என்றாள்.

"சொன்னேன். யாரு இல்லைன்னா? கொஞ்ச நாளைக்குத்தாம்மா. நீ அங்கன தாயில்பட்டியில நல்லாத்தான இருக்க. உன் சேக்காளிக எல்லாம் அங்கனதான இருக்காக. இங்கன வந்து யாரோட பேசுவ?"

"ஆமா. யாரோட பேசுவேன்."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப்போனான். நிலையருகே நின்று திரும்பினான்.

"அடிக்கிற வெயிலுக்கு ரெண்டு நாள்ல காஞ்சிரும்னு காளிராஜ் அண்ணாச்சி சொல்லுதாரு. காஞ்சதும் ஓரத்தையெல்லாம் இன்னொருக்க தேச்சுட்டாச் சரியாப் போயிருமாம். அதை முடிச்சுக் குடுத்துட்டே போயிரும்மா. ஆளைக் கூப்பிட்டா இன்னைக்கு நாளைக்குங்கான்."

அவள் சரி என்றாள். இரண்டு நாளும் கதவு வெயில் காய்ந்தது. மூன்றாம் நாள் சாக்கைச் சுருட்டி ஒதுக்கினாள், வாளியைக் கவிழ்த்தாள். எண்பதாம் நம்பரைக் கட்டையில் சுற்றினாள். முதல் இழுப்பில் முதுகு வரைக்கும் கூசியது. இரண்டாவது இழுப்பிலும்தான். ஒவ்வொரு கரகரப்புக்கும் அவள் தோள் குறுகியது, ஆனால் கையை எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் நடுத்தாளுக்கு வந்தாள். ரேகை வாக்கில், ஒன்றையும் விடாமல், ஓரங்களை இரண்டு மடங்கு. மரத்தூள் முகத்திலும் மயிரிலும் படிந்தது. ஒரு காலத்தில் அதே முகத்தில் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி படிந்திருந்தது. கடைசித் தாளைத் தேய்த்து முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது.

ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு விரலால் தள்ளியதும் சத்தமில்லாமல் வந்து மூடியது. தாப்பாள் விழுந்தது. வெறும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே பைபாஸில் போகும் லாரி தெரிந்தது. தண்ணீர்க் குடத்தை எந்த மூலையில் வைப்பது, தங்கச்சாமியின் போட்டோவை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதெல்லாம் அவளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. அந்த மூலையையும் அந்தச் சுவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து, தாப்பாளை எடுத்து வெளியே வந்தாள்.

பானுப்பிரியா காப்பி கொண்டுவந்தாள். கதவைத் தடவிப் பார்த்தவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கை வச்சா வழுக்குது அத்தை. ஆசாரி தோத்தாரு போங்க. அடுப்படி அலமாரிக் கதவு நாலும் அப்படியே கெடக்கு. அதையும் தேச்சுட்டுப் போனீகன்னா ஒரே பெயிண்டா அடிச்சிரலாம்."

"உப்புத்தாள் தீந்து போச்சு தாயி" என்றாள் சண்முகத்தாய்.

காப்பியைக் குடித்தாள். முகம் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். இருநூற்றிருபதாம் நம்பரில் தொடாத தாள் ஒன்று நாலாக மடித்து அவள் இடுப்பில் செருகியிருந்தது. எவ்வளவு நைஸ் என்றாலும் உப்புத்தாள் உப்புத்தாள்தான். பஸ் குலுங்கும்போதெல்லாம், தாயில்பட்டி வரைக்கும், அது தோலில் உரசிக்கொண்டே வந்தது. அவள் அதை எடுத்துப் பையில் வைக்கவில்லை.