துளை போட்ட வில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. என்னை நம்பி ஒருவன் சொன்னதைத் திருடி எழுதுகிறேன். ஏதென்ஸில் வழக்காடுகிறவர்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பிறந்தது இங்கே, பல் முளைத்தது இங்கே. அப்பா வெளியூர்க்காரர் என்பதால் நான் சாகும்வரை வந்தேறி. ஊர்ச்சபையில் எனக்கு ஓட்டும் இல்லை, பேச்சும் இல்லை. (இந்த வரிகளை அடித்துவிடலாம், புலம்பலாக இருக்கிறது. பரவாயில்லை, இருக்கட்டும்.)

2

ஆரம்பம் ஒன்று: "நௌசோன் ஒரு நல்ல மனிதன், அவன்—"

நல்லவனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. விடுவோம்.

ஆரம்பம் இரண்டு: "ஆலிவ் தோப்புக்குப் பின்னால் சூரியன்—"

சூரியனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

நடந்ததையே சொல்கிறேன். குடிமக்கள் பட்டியலில் கள்ளப் பெயர்கள் புகுந்துவிட்டன, ஊர் ஊராகக் களையெடுங்கள் என்று சட்டம் வந்தது. அப்பா, அம்மா இருவருமே ஏதெனியராக இருந்தால்தான் குடிமகன். நௌசோனின் ஊரிலும் ஒவ்வொரு பெயராக வாசித்து, ஓட்டுப் போட ஆளுக்கு இரண்டு வெண்கல வில்லைகள் கொடுத்தார்கள். முழு வில்லை போட்டால் இவன் நம்மவன். நடுவில் துளை போட்ட வில்லை என்றால் அந்நியன்.*

* வில்லையின் நடுவைக் கட்டைவிரலால் மூடிப் பிடிக்க வேண்டும். எது போகிறது என்று பக்கத்திலிருப்பவனுக்குக்கூடத் தெரியாது. எங்கள் ஊர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்.

3

நௌசோனுக்கு முந்தின பெயர் கிடியாஸ். வயதானவர், அடுத்த தோட்டத்துக்காரர். பழைய வாய்க்கால் தகராறு ஒன்றை மனதில் வைத்து எவனோ எழுந்து, "இவரு தாத்தா அடிமையா இருந்தவரு" என்றான். ஆதாரம் கேட்க ஆளில்லை.

வரிசையில் நின்ற நௌசோனின் காதுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. "எவன் யோசிக்காம முழு வில்லை போடுறானோ, அவன்கிட்டதான் ஏதோ கோளாறு இருக்கும்."

நௌசோன் தன் கையிலிருந்த இரண்டு வில்லைகளையும் பார்த்தான். அவன் அம்மா மெலிட்டா லெம்னோஸ் தீவில் குடியேறிய ஏதெனியர் ஒருவரின் மகள். தீவுக்காரி என்று ஊர் முணுமுணுப்பது அவனுக்குத் தெரியும். கறாரான ஆள் என்று இன்று காட்டிக்கொண்டால் தன் பெயர் வரும்போது தப்பிக்கலாம். வில்லை கைக்குள்ளே மறைந்திருக்கும் என்பது அந்தப் பயத்தில் அவனுக்குத் தோன்றவே இல்லை. துளை வில்லையைப் போட்டான்.

முப்பத்தொன்றுக்கு முப்பது. ஒரே ஒரு வில்லையில் கிடியாஸ் அந்நியரானார். மேலாடையை உதறிப் போர்த்திக்கொண்டு எழுந்து போனார்.

4

"அடுத்து நௌசோன். உன் அம்மாவோட அப்பா சமாதி எங்கப்பா இருக்கு?" என்று ஊர்த்தலைவர் கேட்டார். ஒருவன் நம்மவனா என்று முன்னோர் சமாதியை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

"லெம்னோஸ்லங்க."

"அங்க போய் யார் பாக்கிறது? இங்க யாருக்குத் தெரியும்?"

"கிடியாஸ் மாமாவுக்குத் தெரியும். அவர் அங்க காவல்ல இருந்தவரு. எங்க தாத்தாவோட ஒரே பந்தியில சாப்பிட்டவரு."

தலைவர் பட்டியலைப் பார்த்தார். "கிடியாஸா? அப்படி யாரும் நம்ம ஊர்ல இல்லையே."

சபை சிரித்தது. நௌசோன் பெயரும் போயிற்று.

5

நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஜெயித்தால் குடிமகன். தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள். நேற்றுவரை என்னை "ஏய், வந்தேறி" என்று கூப்பிட்ட நௌசோன் என் வாசலில் வந்து "ஐயா" என்றான். எல்லாவற்றையும் சொன்னான், அந்த வில்லையையும் சேர்த்து. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அதற்காக வெட்கப்படவும் இல்லை.

மறுநாள் கிடியாஸை அழைத்து வந்தான். மேல்முறையீட்டுக்கு அவர் போகவில்லை.

"தோத்து, இந்த வயசுல சந்தையில நிக்கணுமா? எழுத்துக்காரரே, உங்க கூட்டத்துல நானும் சேந்துட்டேன்" என்றார். பிறகு நௌசோனைப் பார்த்தார். "உனக்கு நான் சாட்சி சொல்றேன்டா. மெலிட்டாவைச் சின்னப் பிள்ளையிலேருந்து தெரியும். நீதிமன்றத்துல என்னையும் கிழிப்பாங்க, கிழிக்கட்டும்."

"மாமா..."

"ஒத்தை வில்லைடா. போட்டவனைத் திட்டக்கூட மாட்டேன். ஏன்டா போட்டேன்னு மட்டும் கேப்பேன்."

நௌசோன் என்னைப் பார்த்தான். நான் எழுதுகிற பலகையைப் பார்த்தேன்.

6

முடிவு ஒன்று: நௌசோன் உண்மையைச் சொல்கிறான், கிடியாஸ் கட்டிக்கொண்டு அழுகிறார். எழுதினேன், அழித்தேன். நாடகத்தில்தான் அப்படி நடக்கும்.

முடிவு இரண்டு: சொல்கிறான், அவர் எழுந்து போகிறார், அவன் சந்தையில்—

முடிவு மூன்று: சொல்லவில்லை. அவர் சாட்சியில் ஜெயிக்கிறான். அடுத்த களையெடுப்பில் வரிசையில் நின்று எவனுக்கோ வில்லை போடுகிறான். நான் எழுதிக் கொடுத்த பேச்சு இதற்குத்தான். நல்ல பேச்சு, அதுதான் எரிச்சல்.

நான் கிடியாஸிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழக்கு நாளை.

ஆகவே வாசகரே, நீங்களே முடித்துவிடுங்கள். இந்தாருங்கள், நௌசோனுக்குப் போட இரண்டு வில்லைகள், ஒன்று முழுசு, ஒன்று துளை. கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்.

கொஞ்சம் இருங்கள். ஓட்டுப் போடுகிறவர்களையும் நீதிமன்ற வாசலில் தடுத்துக் கேட்பார்கள், அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் அம்மாவின் அப்பா சமாதி எங்கே இருக்கிறது? அதைப் பார்த்தவர் யாராவது இன்னும் பட்டியலில் இருக்கிறாரா?