ஒன்பதில் தொடங்கும் எண்

சம்பளச் சீட்டில் அவள் செய்யாத வேலை இருந்தது.

யூஜினி பல்கலைக்கழகச் சமையலறையின் பின்கதவருகே நின்று அதை இரண்டு தடவை வாசித்தாள். மேலே அவளுடைய பெயரும், கனடாவில் வேலை செய்யக் கொடுத்த சமூகக் காப்புறுதி எண்ணும். கன்ரீனில் பாத்திரம் கழுவிய மணித்தியாலங்கள் சரி. அதன் கீழே இன்னொரு வரி. யூனியன்வில், விருந்து மண்டபம், இரண்டு சனிக்கிழமைகள்.

அந்த வருடங்களில் மாணவர் விசாவில் வந்தவர்கள் தாங்கள் படிக்கும் வளாகத்துக்குள் மட்டுந்தான் வேலை செய்யலாம். வெளியே ஒரு மணித்தியாலம் செய்தாலும் விசா போகும். அவளுடைய விசா டிசம்பரில் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தோடு சம்பளச் சீட்டுகளையும் இணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் அருள்நாயகம் குளிர் அறைக்குள் கோழிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கன்ரீனையும் மண்டபத்தையும் ஒரே கொம்பனிதான் நடத்தியது. போன மாதம் அவர் மண்டபத்துக்கு வரச்சொல்லிக் கேட்டபோது அவள் முடியாது என்றிருந்தாள்.

"அண்ணை, உதென்ன?"

அவர் சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. "ஓ, அதோ. என்ர மனுசியின்ர தமக்கை கிளடிஸ். அரசாங்கத்திட்டை வெல்ஃபெயர்க் காசு எடுக்கிறா. சொந்த நம்பரிலை வேலை செய்யேலாது. உம்மடை நம்பரைப் போட்டனான். அந்தக் காசை அவவிட்டைக் குடுத்துவிடும். உமக்கென்ன நட்டம்?"

"என்ர நம்பர் ஒன்பதிலை துடங்குது. இஞ்சை தற்காலிகமா நிக்கிற ஆள் எண்டு பாக்கிற எவனுக்கும் தெரியும்."

"எவன் பாக்கிறான்?"

"இமிகிரேஷன். நானே என்ர கையாலை அனுப்பவேணும்."

"தங்கச்சி, ஏன் உந்தப் பாடு? ஒரு அகதிக் கேஸை அடியும். ஸ்காபரோவிலை பாதிச் சனம் அப்பிடித்தான் நிக்குது. நீர் மட்டும் மகாராணி மாதிரி விசாவிலை."

அகதி அந்தஸ்துக் கேட்டுவிட்டால் மன்னாருக்குத் திரும்ப முடியாது. அங்கே அவளுடைய தாய் தனியாக இருந்தாள். இதை அவருக்கு முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறாள்.

"அது நான் இல்லை எண்டு கொம்பனிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"எழுதினால் என்ர வேலை போயிடும்."

"எழுதாட்டி என்ர விசா போயிடும்."

"பிள்ளை, கதவைச் சாத்தும். குளிர் வெளியிலை போகுது."

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி யூனியன்வில்லுக்குப் போனாள். மண்டபத்தில் யாருக்கோ கல்யாண விருந்து. சமையலறை வாசலில் நேரம் பதியும் மணிக்கூடு. பக்கத்துத் தட்டில் அட்டைகள். மூன்றாவதில் அவளுடைய பெயரும் ஒன்பதில் தொடங்கும் எண்ணும். கீழே மூன்று சனிக்கிழமைகளின் நேரங்கள், இன்றையதும் சேர்த்து.

"யூஜினி ஆர்?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"நான்தான்" என்றாள், கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். சட்டையில் ‘யூஜினி’ என்று பெயர்த் தகடு குத்தியிருந்தது.

"நானும்தான்."

துணி நின்றது.

"மெல்லக் கதையும் தங்கச்சி. நீர் ஓமெண்டு சொன்னதாத்தானே அவர் சொன்னவர்."

"நான் சொல்லேல்லை."

"கர்த்தரே." கிளடிஸ் கதவுப்பக்கம் பார்த்தாள். "எனக்குத் தெரியாது. சத்தியமா."

"இப்ப தெரியும்தானே. திங்கட்கிழமை என்னோடை கம்பஸுக்கு வந்து, நீங்கள்தான் வேலை செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

"வெல்ஃபெயர்க்காரர் அறிஞ்சால் நிப்பாட்டிப்போடுவினம். எனக்கு மூண்டு பிள்ளையள்."

"அப்ப என்ர விசா?"

"நீர் படிச்ச பிள்ளை. ஒரு கேஸை அடிச்சுப்போட்டு—"

யூஜினி மேலே கேட்கவில்லை. தட்டிலிருந்து அட்டையை உருவினாள். கிளடிஸ் பின்னால் ஓடி வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். ஈரமான, சூடான கை. யூஜினி உதறிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் அட்டையைச் சம்பளச் சீட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். ஒருத்தி வேலை செய்தாள், ஒருவர் செய்யவைத்தார். சும்மா இருந்தவளுக்குத்தான் நாட்டை விட்டுப் போகச்சொல்லிக் கடிதம் வரும். சட்டம் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் யாருடைய கை என்று அது பார்க்காது.

திங்கட்கிழமை காலை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அட்டையையும் சம்பளச் சீட்டையும் ஆய்வுகூடத்தின் வருகைப் பதிவுப் பிரதியையும் மேசையில் வைத்தாள். சீட்டிலிருந்த இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை ஒன்பதிலிருந்து இரவு வரை அவள் ஆய்வுகூடத்தில் இருந்ததற்குப் பேராசிரியரின் கையொப்பம் இருந்தது.

ஆலோசகர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நேரமெடுத்தார். "நீங்கள் முதலே வந்து சொன்னது நல்லது. இமிகிரேஷனுக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். ஆனால் அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். நீங்கள் இல்லையென்றால், வேலை செய்தது யார்?"

"மேற்பார்வையாளர் அருள்நாயகம் என்ர நம்பரைப் பாவிச்சவர்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அதை எழுதிவிட்டேன். வேலை செய்த ஆள்?"

அந்தக் கையின் சூடு இன்னும் மணிக்கட்டில் இருப்பதுபோல் இருந்தது. அதுவும் அவளுக்கு ஆத்திரத்தைத்தான் தந்தது. மூன்று பிள்ளைகளின் சாப்பாடு தன் ஒரு சொல்லில் தங்கும்படி செய்துவைத்த அருள்நாயகத்தை நினைத்தாள். அவர் இப்போது, நான்கு கட்டிடங்கள் தள்ளி, யாரையாவது கதவைச் சாத்தச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"அவருடைய மனைவியின் அக்கா" என்றாள். "பெயர் கிளடிஸ்."

ஆலோசகர் எழுதினார். "குடும்பப் பெயர்?"

"அதை அருள்நாயகத்திடம் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, கடிதத்துக்காகக் கையை நீட்டினாள்.