காப்புக் கட்டிய கை

என் தம்பி செல்வத்தின் வலது கை வீங்கிக்கொண்டே போனது. மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிறு சதைக்குள் புதைந்து, மஞ்சள் துண்டின் முனை மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் செம்பனைத் தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதி ஞாயிற்றுக்கிழமை. அன்று புதன். காப்புக் கட்டியவன் தீமிதி முடியும்வரை கயிற்றை அவிழ்க்கக் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியோ சிரம்பானில் இருந்தது.

அந்தக் காப்பைக் கட்ட வைத்தவளே நான்தான்.

செல்வம் சாபு என்கிற போதை மருந்து அடிக்கிறவன். முதலில் புகைத்தான். பிறகு தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்ற ஆரம்பித்தான். அது உள்ளே போய்விட்டால் மூன்று நாள் தூக்கம் கிடையாது. எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரு மேசை விசிறி இருக்கிறது. அதை இதுவரை நாற்பது தடவையாவது கழற்றி மாட்டியிருப்பான். நடப்பான், உட்காருவான், எழுந்து ஜன்னலுக்கு ஓடுவான். அவனைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பதற்றம் ஒட்டிக்கொண்டது. செண்டாயான் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிய பிறகும் கேஸை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று கிடந்து தவிப்பேன். அவன் இரண்டு கைகளிலும் தழும்பில்லாத இடம் கிடையாது. இடது முழங்கைக்குக் கீழே மட்டும் எப்போதும் ஓர் அகலமான ப்ளாஸ்டர் ஒட்டியிருக்கும். இருப்பதிலேயே மோசமான புண் அதற்கடியில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இந்த வருடம் அவனை இழுத்துக்கொண்டு போய் வீரமுத்துப் பூசாரி முன்னால் நிறுத்திக் காப்புக் கட்ட வைத்தேன். "ரோகினி தம்பி திருந்திட்டான்" என்று லயமே பேசியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை அவன் தலையணைக்கடியில் ஒரு பொட்டலம் கிடைத்தது. புது ஊசிகள், துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு, ஒரு துண்டுப் பிரசுரம். யார் கொடுத்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. எல்லோரும் லிங்கம் என்று கூப்பிடும் அமிர்தலிங்கம்.

அவர் புதன்கிழமைதோறும் ரந்தாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். ஒரு காலத்தில் அவரும் ஊசி போட்டவர்தான். இப்போது ஊசி போடுகிறவர்களைத் தேடிப் போய்ப் புதுசு கொடுத்துவிட்டுப் பழசை வாங்கிக்கொண்டு போகிறார். திருடனுக்குச் சாவி கொடுக்கிற வேலை என்று நடு லயத்தில் வைத்து அவரை ஏசியிருக்கிறேன். பொட்டலத்தை அப்படியே கொண்டுபோய்க் குப்பை எரிக்கிற தகரத் தோம்பில் போட்டுக் கொளுத்தினேன்.

"காப்புக் கட்டியாச்சுல்ல, இனிமே எதுக்குடா இது?" என்றேன். செல்வம் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

நான்கு நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினான். ஐந்தாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது விசிறி துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. ஜன்னல் சட்டத்துக்குப் பின்னால் பழைய ஊசி ஒன்றை ஒளித்து வைத்திருந்திருக்கிறான். முனை மழுங்கிப்போன ஊசி. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறான்.

திங்கட்கிழமையே கை வீங்கியதைப் பார்த்துவிட்டேன். அன்றே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் மஞ்சளை அரைத்துப் பூசி, செம்பனைக் காட்டில் குளவி கொட்டிவிட்டது என்று பக்கத்து வீட்டு மங்கம்மாவிடம் பொய் சொன்னேன். ஊர் சிரிக்குமே என்கிற பயம். என் தம்பியின் கையைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது.

புதன் காலையில் அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. வேலைக்குப் போகாமல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டதும் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன். ஏசிய வாயாலேயே அவரைக் கூப்பிட்டேன்.

அவர் கையைப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"மூனு நாளாச்சுண்ணே."

"விரல அசைடா செல்வம்."

சுண்டு விரல் அசையவில்லை.

"மொதல்ல கயித்த அறுக்கணும் ரோகினி. வீங்க வீங்க இது நெரிக்குது. ரத்தம் போவாது. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி."

செல்வம் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்தான். "வேணாண்ணே. நாயித்துக்கிழம வரைக்கும் தாங்கிக்கிறேன் லா. காப்போடவே அடிச்சிட்டேன், ஆத்தாவுக்கே பொய்யி. இதையும் அறுத்தா என்னாத்துக்கு ஆவேன்?"

"இருங்க, பூசாரிய ஒரு வார்த்த கேட்டுட்டு ஓடியாறேன்" என்று வாசலுக்கு வந்தேன். கோயில் பக்கம் வேப்பிலைத் தோரணம் தெரிந்தது. படியிலேயே நின்றுவிட்டேன். பூசாரியிடம் எதற்குப் போகிறேன்? நாளைக்கு யாராவது கேட்டால் அவர்தான் அறுக்கச் சொன்னார் என்று பழியை அவர் தலையில் போடத்தான். செல்வத்துக்காக இல்லை.

திரும்பி வந்து கத்திரிக்கோலை எடுத்தேன்.

"நான் கட்ட வச்சது. நானே அறுக்கிறேன். ஆத்தா கேட்டா என்னைய கேக்கட்டும்."

லிங்கம் அவனைப் பிடித்துக்கொண்டார். கயிறு அறுந்ததும் செல்வம் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினான். லிங்கம் யாருக்கோ போன் போட்டு ஒரு காரை வரவழைத்தார். தோட்டத்து கேட்டைத் தாண்டும்போது செல்வம் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் நேராக உள்ளே எடுத்துக்கொண்டார்கள். உடனே நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி இடது புறங்கையில் குத்தினாள், நரம்பு கிடைக்கவில்லை. மணிக்கட்டில் குத்தினாள், இல்லை. இரண்டு காலிலும் பார்த்தாள். ஐந்து இடத்தில் பஞ்சு ஒட்டியாகிவிட்டது. மருந்துப் பை மேலே தொங்குகிறது, உள்ளே போக வழியில்லை.

"ஏண்ணே, ஒரு நரம்புகூடவா இருக்காது?" என்று லிங்கத்தைக் கேட்டேன்.

"நான் போட்ட காலத்துல ஒரு நாளைக்கு மூனு தடவ, நாலு தடவ. சாபு அப்டி இல்லம்மா. பத்து, பதினஞ்சு. நரம்புக்கு ஓய்வே கெடயாது."

அப்போது செல்வம் இடது கையை வாய்க்குக் கொண்டுபோய், அந்த ப்ளாஸ்டரைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"இங்க போடுங்க மிஸ்ஸி."

நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனேன். ஆனால் அங்கே புண் இல்லை. ஒரு தழும்புகூட இல்லை. வெளுத்த தோலுக்கடியில் ஒரு பச்சை நரம்பு நேராக ஓடியது. முதல் குத்திலேயே ஊசி ஏறிவிட்டது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"லிங்கண்ணேதான் சொன்னாரு," என்றான் செல்வம். "ஒன்ன மட்டும் ஆஸ்பத்திரிக்குன்னு விட்டு வையிடான்னு. கையி தேடுறப்ப கண்ணுல படக் கூடாதுல்லக்கா, அதான் ஒட்டி வச்சேன்."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமா லா."

ஒரு விசிறியைச் சும்மா விடத் தெரியாத கை. அந்தக் கை இரண்டு வருடமாக இதைத் தொடாமல் வைத்திருந்திருக்கிறது. அவனுக்கு விரதம் இருக்கக் கற்றுக்கொடுக்கக் கிளம்பியவள் நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கை பிழைத்துவிடும், சுண்டு விரலைப் பற்றி நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். லிங்கம் மோட்டாரை எங்கள் லயத்திலேயே விட்டுவிட்டு வந்தவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, அன்னைக்கி ஒங்க பொட்டலத்த நான்தான் கொளுத்துனேன்."

"தெரியும்மா."

"இன்னொன்னு குடுப்பீங்களா?"

அவர் பையைத் திறந்தார். "அவன்கிட்டயா, ஒங்கிட்டயா?"

"எங்கிட்ட குடுங்க. தலகாணிக்கடியில, எடுத்த எடத்துலயே வைக்கிறேன்" என்றேன். "அந்த அகலமான ப்ளாஸ்டர் இருந்தா, அதுவும் ஒரு டப்பா."