ஏழாம் வரிசையில் வினைச்சொற்கள்

1

இருந்தவர்கள்: அண்ணி, டீச்சர், ஹாரன், நான்.

அண்ணி என் அண்ணன் மனைவி. வண்டி உதிரிபாகக் கிடங்கில் ராத்திரி ஷிப்ட் முழுக்கத் தள்ளுவண்டியோடு நடந்து, ரேக்குகளிலிருந்து சாமான் எடுப்பவர். டீச்சர் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர். காலை ஆறேகாலுக்கு வந்து, ஷிப்ட் முடித்தவர்களுக்குக் கிடங்கின் டீ அறையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். ஹாரன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வாயைத் திறந்தால் பெயர்க்காரணம் விளங்கும். நானும் அதே ஷிப்ட்தான்; அந்த வகுப்பிலிருந்து நாலாவது வாரமே நின்றுபோனவன். அதற்குப் பிறகும் அங்கே உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், அண்ணியும் நானும் ஒரே வண்டியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்தக் கதை ஒரு பயிற்சித் தாளிலிருந்து வந்தது. நாற்பதுக்குப் பத்தொன்பது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குப் பரிகாரமாக எழுதுகிறேன் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும், பொய். அந்தத் தப்புகளைப்போல என்னால் தப்புச் செய்ய முடியாது என்று பிறகுதான் புரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "ஆங்கில வினைச்சொற்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து" (அடுத்த வரி வரவில்லை.)

இரண்டாவது: "காலை வெளிச்சம் ஜன்னல் வழியே அண்ணியின் களைத்த முகத்தில்" (நிறுத்திவிட்டேன். டீ அறைக்கு ஜன்னலே கிடையாது. அண்ணி களைத்தும் இல்லை, கடுப்பில் இருந்தார்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால், சிலவற்றுக்கு வாலில் 'இங்' ஒட்ட வேண்டும். சிலவற்றுக்கு நடுவில் 'டு' போட வேண்டும். 'என்ஜாய்' வந்தால் இங். 'டிசைட்' வந்தால் டு. ஏன் என்று கேட்டால் டீச்சர் கொஞ்ச நேரம் விளக்குவார், அப்புறம் "அது அப்படித்தான்" என்பார். நான் வகுப்பை விட்டது அந்த 'அப்படித்தா'னில்தான்.*

(* நாமும் 'நடக்கத் தொடங்கினார்' என்கிறோம், 'நடப்பதைத் தவிர்த்தார்' என்கிறோம். மாற்றிச் சொல்வதில்லை. யாரும் பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. இதை அப்போதே யோசித்திருந்தால் வகுப்பில் இருந்திருப்பேனா? மாட்டேன்.)

அண்ணியால் விட முடியாது. முட்டி தேய்ந்துவிட்டது. நடப்பதைக் குறைக்காவிட்டால் ஆறு மாதத்தில் நடையே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஸ்டாக் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை போயாயிற்று. இரண்டிலும் கவிழ்த்தது இந்த 'இங்'கும் 'டு'வும்தான்.

3

அண்ணிக்கு மனப்பாடம் வராது. ஆனால் கிடங்கில் நாலாயிரம் சாமான் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியலைப் பார்க்காமல் போய் எடுப்பார். கேட்டால், "எனக்கெங்க தெரியும், காலுக்குத் தெரியும்" என்பார்.

மூன்றாவது முறைக்கு அண்ணி வினைச்சொற்களைக் கிடங்குக்குள் கொண்டுபோனார். ஏழாம் வரிசை. இடப்பக்கம் முழுக்க இங், வலப்பக்கம் முழுக்க டு. 'என்ஜாய்' வைப்பரோடு, இடது, மூன்றாம் தட்டு. 'அவாய்ட்' பிரேக் ஷூவோடு. 'ஃபினிஷ்' ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில். எதிரே, வலது பக்கத்தில், ஃபேன் பெல்ட்டோடு 'டிசைட்', பல்புப் பெட்டியோடு 'ஹோப்'. இரண்டையும் ஏற்றுக்கொள்கிற 'பிகின்' போன்றவை நடுவில் தரையில், பலகையின்மேல். இரண்டு மாதம் ஒவ்வொரு முறை சாமான் எடுக்கும்போதும் அதனதன் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். டீச்சரின் வாராந்தரத் தாளில் முப்பத்தெட்டு வாங்கினார்.

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். கதைக்குள் இப்படி ஒரு பெண்ணை விட்டால் வாசகர் நம்புவாரா? கொஞ்சம் சாமர்த்தியத்தைக் குறைத்து எழுதிப் பார்த்தேன். அது வேறு யாரோ ஒரு பெண். அடித்துவிட்டேன்.

4

தேர்வு சனிக்கிழமை. புதன்கிழமை நிர்வாகம் ரேக்குகளைப் பிரித்துவிட்டது. அதிகம் ஓடுகிற சாமான்கள் இனிமேல் வாசலுக்கு அருகில், ஏழாம் வரிசை காலி. வைப்பரும் பிரேக் ஷூவும் புது வரிசையின் வலப்பக்கம் போயின. பல்பு இடப்பக்கம் வந்தது.

வியாழன் காலை, பத்தொன்பது.

டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, என்ன ஆச்சு? என்ஜாய்க்கு டு போட்டிருக்கீங்க. போன வாரம் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்களே!"

"நான் ஒண்ணும் தப்பா எழுதல டீச்சர். வைப்பர் இடம் மாறிடுச்சு."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான்தான் அந்தச் சமயம் பார்த்துச் சிரித்தேன்.

"நீ என்னத்துக்குடா பல்லைக் காட்டுற?" என்றார் ஹாரன். "நாலு வாரத்துல ஓடிப்போனவன்." பிறகு அண்ணியிடம், "ஒரு வார்த்தை சொல்லும்மா, எல்லா ரேக்கையும் தூக்கிப் பழைய இடத்துல வெச்சுடறேன். வேலை போனா போகுது."

"உன் வேலை போனா நீ எங்க வீட்ல வந்து உக்காந்து கத்துவ. வேணாம்."

வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. ஒரே ஷிப்டில் அண்ணியின் கால் புது இடங்களைக் கற்றுவிட்டது. சாமானோடு சொற்களும் போய்விட்டன. வேலையில் மந்தமான ஆளாக இருந்தால் பழைய இடத்துக்கே போய் முட்டிக்கொண்டு நின்றிருப்பார். தாளில் முப்பத்தெட்டு வாங்கியிருப்பார். இவ்வளவு வேலை தெரிந்தவருக்குத்தான் இந்தத் தப்பு வரும்.

5

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் அண்ணி சூப்பர்வைசரிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கினார். ஏழாம் வரிசையில் ரேக் இல்லை. தரையில் மஞ்சள் கோடுகளும் எண்களும் மட்டும்.

"சாமான் வேணாம் தம்பி. சாமானை நம்பினதுதான் தப்பு. இடம் மட்டும் போதும். நீ சொல்லச் சொல்ல நான் போய் நிக்கிறேன்."

"அண்ணி, முட்டி."

"உக்கார்றதுக்குத்தானே நடக்கிறேன். படி."

முந்தைய வரைவில் நானும் கூட நடந்ததாக எழுதியிருந்தேன். நடக்கவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றேன்.

"ரெஃப்யூஸ்." வலது, பதினொன்று. "அட்மிட்." இடது, நாலு. "பிராமிஸ்." வலது, கடைசி. வெறுந்தரையில், இல்லாத தட்டுக்குக் கையை உயர்த்தி, சொல்லை எடுத்து, இல்லாத வண்டியில் வைத்தார். ஹாரன் வாசலில் நின்று பார்த்தார். அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. என் அனுபவத்தில் அது ஒரே முறை.

முப்பத்தாறாவது சொல்லில் அண்ணி நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி முதல்லேர்ந்து" என்றார்.

நான் பாராட்டி எழுதிப் பழகாதவன். "அண்ணி ஒரு" என்று தொடங்கிய வாக்கியம் இன்னும் அப்படியே கிடக்கிறது. யாராவது முடித்துக்கொள்ளுங்கள்.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன். அண்ணி தேறுகிறார். அண்ணி தோற்கிறார். தேறியும் அந்த நாற்காலி வேறு யாருக்கோ போகிறது. இதில் ஒன்று நடந்தது; எது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், அந்த வெறுந்தரை நடையை மதிப்பெண்ணை வைத்து அளப்பீர்கள். உங்களுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தவரை சொல்கிறேன். சனிக்கிழமை, தேர்வு அறை வாசல். கைப்பையை என்னிடம் கொடுத்தார்.

"நீ போய்த் தூங்கு தம்பி."

"பரவால்ல, இருக்கேன்."

"இருந்தா உள்ள வந்து எழுதப்போறியா?"

உள்ளே போனவர் உட்காரவில்லை. மேசைகளுக்கு நடுவில் நின்று, இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். வலப்பக்கச் சுவரைப் பார்த்தார். காலி ரேக்கில் சாமான் அடுக்கப்போகிறவரைப்போல ஒரு முறை நீளத்தை அளந்தார். கண்காணிப்பாளர் ஏதோ கேட்டார். அண்ணி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மணி ஒன்பது. கண்காணிப்பாளர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.